பெயர் வெட்டிய பானைகளின் ஊர்

எங்கள் ஊர் வீராம்பட்டினம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஊரின் முதுகுப்புறம், அரியாங்குப்பம் ஆறு வளைந்து போகும் கரையில், மாமரமும் தென்னையும் அடர்ந்த ஒரு மேடு. அதுதான் அரிக்கமேடு. ரோமாபுரியோடு வணிகம் நடந்த துறைமுகம் என்று பள்ளிக்கூடப் புத்தகம் ஒரு வரியில் சொல்லி முடிக்கும். அது உண்மைதான். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு பஞ்சாலையின் ஸ்டோரில் கழித்த எனக்கு அந்த மேடு முதலில் ஒரு ஸ்டோர். சரக்கு வந்து இறங்கியது, எண்ணி வைக்கப்பட்டது, எது யாருடையது என்று எழுதப்பட்டது, மறுபடி கப்பலேறியது. அங்கே இருந்தவர்கள் செய்த வேலையும் நான் செய்த வேலையும் ஒன்றுதான்.

இதை இப்போது எழுதத் தூண்டியது வீட்டில் நடந்த ஒரு காரியம். பரண்மேலும் கட்டிலுக்கு அடியிலும் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கெல்லாம் என் பேத்தி கியூஆர் கோடு அச்சடித்து ஒட்டினாள். ஃபோனைக் காட்டினால் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் திரையில் வரும். பார்த்தவர்கள் எல்லாரும் என்ன புதுமை என்று வியந்தார்கள். கருவி புதியது, ஒப்புக்கொள்கிறேன். மூடியிருக்கும் கலத்தின் வெளியே உள்ளிருப்பதைச் சொல்லிவைக்கும் வேலை மிகப் பழையது. அதன் வயதைச் சொல்ல எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

மேடு வெளிப்பட்ட கதை

1734இலேயே, வீராம்பட்டினத்தார் பூமிக்கடியிலிருந்து பழைய செங்கற்களைப் பெயர்த்தெடுக்கிறார்கள் என்று புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கம்பெனிக்குச் செய்தி போயிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர் லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளி கடப்பதை 1769 ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து அளக்கக் காத்திருந்தார். அன்று மேகம் மூடிவிட்டது. வானத்தில் காண வந்தது அவருக்குக் கிட்டவில்லை. ஆற்றங்கரையில் பெரிய பெரிய செங்கற்களும் இடிந்த சுவர்களும் கண்ணில் பட்டன. வீரராகவன் என்ற அரசனின் கோட்டை அது என்று ஊரார் அவரிடம் சொன்னார்களாம்.

1937இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், மேட்டில் விளையாடும் பிள்ளைகள் பொறுக்கி வந்த மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். அவற்றில் ஒன்று மனிதத் தலை செதுக்கிய சிறு கல். அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று கருதினார். 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே என்ற துறவியும் சுர்லோ என்பவரும் அங்கே தோண்டினார்கள்.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் ஸ்டோர்க்காரிக்கு மயிர்க்கூச்செறியும். 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகிறார். அங்கே ஓர் அலமாரிக்குள் கையை விட்டு ஒரு மண்பாண்டத் துண்டை எடுக்கிறார். நீண்ட கழுத்தும் கைப்பிடியும் கொண்ட, மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்று பதில் வருகிறது. அந்தப் பதில் மட்டும் அங்கே கிடைக்காமல் போயிருந்தால், அது ஏதோ ஒரு பழைய ஓட்டுத்துண்டு. இடம் தெரிந்ததால் அது வரலாறாயிற்று. வீலர் உடனே புதுச்சேரிக்கு ரயிலேறினார். நூலகத்தில் வைத்திருந்த மற்ற துண்டுகளையும் பார்த்தார். 1945இல் அரிக்கமேட்டில் தோண்டினார்.

அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தோண்டினார். ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் என்ற பழைய எண்ணத்தை மாற்றியவர் விமலா பெக்லிதான். அவர்களுடைய ஜாடிகள் வந்து சேர்வதற்கு முன்பே இங்கே நம்மவர் ஊர் இருந்தது. அந்த வாணிகம் ஓய்ந்த பிறகும் நூற்றாண்டுகளாக மக்கள் நடமாட்டம் இருந்தது. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் வரும் பொதுகே என்ற துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வீலரின் தோண்டலில் சுமார் 150 அடி நீளமுள்ள ஒரு செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. அதைச் சரக்குக் கிடங்கு என்றே அவர் எழுதினார்.

ஜாடி சொன்ன சேதி

அரிக்கமேட்டில் கிடைத்த எழுத்துகளை நான் என் தொழில் முறைப்படி மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன்: செய்தவர் பெயர், உடையவர் பெயர், உள்ளிருக்கும் பொருளின் விவரம். இன்றைக்கும் எந்தக் கிடங்கிலும் ஒரு சீட்டு இந்த மூன்றில் ஒன்றையாவது சொல்லும்.

முதலாவது, செய்தவர் பெயர். இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதியில் செய்த சிவந்த, பளபளப்பான தட்டுகள் இங்கே கிடைத்தன. அவற்றின் அடியில் குயவர் பட்டறையின் முத்திரை பதிந்திருக்கும். விபீ, கமுரி, இத்தா என்ற பெயர்களை வீலர் படித்தார். அந்தப் பட்டறைகள் எப்போது நடந்தன என்பது இத்தாலியில் தெரிந்த விஷயம். ஆகவே அந்தத் தட்டு கிடந்த மண்ணடுக்குக்கு ஒரு காலம் கிடைத்தது: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. அதே அடுக்கில் கிடந்த நம்மூர்த் தட்டுகளுக்கும், உள்ளடியில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு பதித்த தட்டுகளுக்கும், அதனால் காலம் கிடைத்தது. அதே வகைத் தட்டு தென்னிந்தியாவில் வேறெங்கு கிடைத்தாலும் அந்த இடத்துக்கும் ஒரு காலக்கணக்கு கிடைத்தது. எங்கேயோ ஒரு குயவர் தன் சரக்கு மற்றவர் சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்று குத்திய முத்திரை, ஒரு நாட்டின் வரலாற்றுக்கே ஆண்டு குறிக்க உதவியிருக்கிறது.

இரண்டாவது, உடையவர் பெயர். தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. சில பெயர்கள் தமிழ், சில பிராகிருதம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே துறையில் பாண்டம் வைத்திருந்தார்கள் என்று இதனால் தெரிகிறது. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கண்ணன் ஆதன், சம்பன் சுமணன், விஸாகி என்ற பெயர்கள். கீழடியில் ஆதன், குவிரன் ஆதன். எழுத்து வருவதற்கு முன்பும் மக்கள் சும்மா இருக்கவில்லை. அம்பு, ஏணி, மீன், சூலம் மாதிரியான குறிகளைக் கீறினார்கள். அப்படிக் குறி கீறிய ஓடுகள் தமிழ்நாட்டில் 140 இடங்களிலிருந்து 15,000க்கும் மேல் பதிவாகியிருப்பதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எழுதத் தெரியாதவரும் தன் பானையைத் தன் பானை என்று சொல்லத் தெரிந்திருந்தார்.

மூன்றாவது, உள்ளே இருப்பதன் விவரம். அரிக்கமேட்டுக்கு வந்த ஜாடிகளில் மது வந்தது, ஆலிவ் எண்ணெய் வந்தது, ஸ்பெயின் பக்கத்து மீன்சாறும் வந்தது. எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் துண்டுகளின் வடிவத்தையும் களிமண்ணையும் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். இப்படிப்பட்ட ஜாடிகளின்மேல் என்ன எழுதுவார்கள் என்பதற்கு ரோம் நகரத்திலேயே ஒரு மலை சாட்சி. மோன்ட்டே டெஸ்டாச்சோ என்ற அந்தக் குன்று முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகளால் ஆனது. அந்த ஓடுகளில் மையால் எழுதியிருப்பதைப் படித்தால் என் பழைய ஸ்டோர் பதிவேடு நினைவுக்கு வரும். வெறும் ஜாடியின் எடை. உள்ளிருக்கும் எண்ணெயின் எடை. அனுப்பிய வணிகர் பெயர். சரிபார்த்த அலுவலரின் குறிப்பும் ஆண்டும். இன்றைய எண்ணெய் டின்னில் இவற்றைவிட அதிகமாக என்ன அச்சடிக்கிறார்கள்?

கடல் கடந்த பெயர்கள்

நம்மவர் சீட்டும் கடல் கடந்து போயிருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரையிலிருக்கும் குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய ஓடுகள் கிடைத்தன. அதே கரையில் தெற்கேயுள்ள பெரனீகேயில் ஓர் ஓட்டில் கொற்பூமான் என்ற பெயர். அங்கேதான் 7.55 கிலோ மிளகோடு ஓர் இந்தியப் பெருஞ்சாடி மண்ணுக்கடியிலிருந்து வந்தது. ஓமான் நாட்டின் கோர் ரோரியில் ணந்தை கீரன். தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் ஒரு பொற்கொல்லரின் உரைகல். அதில் பெரும்பதன் கல் என்று வெட்டியிருக்கிறது. கருவிப் பெட்டியில் பெயர் எழுதும் மெக்கானிக்கை நான் தினமும் பார்த்தவள். பெரும்பதனும் அப்படிப்பட்ட ஆள்தான்.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகவும் நெருக்கமானது குசைர் அல்-கதீமில் கிடைத்த இன்னொரு துண்டு. அது ஒரு சேமிப்புச் சாடியின் பகுதி. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு முறை ஒரே வாசகம்: பானை ஒறி. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து 2007இல் வெளியிட்டார். கயிற்று உறியில் தொங்கவிட வேண்டிய பானை என்று பொருள். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்கிறார்கள். இதில் ஆள் பெயர் இல்லை. இது வைக்கும் முறையைச் சொல்லும் சீட்டு. இரண்டு பக்கமும் எழுதியதற்குக் காரணத்தை ஸ்டோரில் வேலை பார்த்தவர் எவரும் சொல்வார்: எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஆணோ பெண்ணோ, அவரைத் தெரிந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

பூம்புகாரின் பொதிகளைப் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்வதும் இதுதான். துறைமுகத்தில் குவிந்திருந்த மூட்டைகளின்மேல் வணிகர்களின் பெயர் பொறித்து, கண்ணெழுத்து இட்டு, எண்ணிக்கையும் குறித்திருந்தார்கள். பட்டினப்பாலையில் சுங்க அலுவலர் புலி முத்திரை இட்டு அனுப்புகிறார்கள். முசிறித் துறைமுகத்திலிருந்து போன ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கைப் பற்றிய பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. பாலைவனம் தாண்டி, நைல் நதியில் இறங்கி, அலெக்சாந்திரியாவின் கிடங்கு சேரும் வரை சரக்கு கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை. சரக்கை விட்டுவிட்டு மனிதர் விலகும் இடத்தில் சீட்டு அவருக்காக நிற்கிறது. இந்தத் தொழிலின் சாரம் இவ்வளவுதான்.

பாத்திரத்தில் வெட்டிய பெயர்

துறைமுகம் போயிற்று. வழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டில் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் இல்லாத வீடு உண்டா? பாத்திரக் கடையில் வாங்கியதும் கல்லாவுக்குப் பக்கத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொடுப்போம். என் அம்மா காலத்துப் பித்தளைக் குடத்தில் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து. எனக்குச் சீராக வந்த தவலையிலும் அடுக்குச் சட்டியிலும் மின்சாரக் கருவி இழுத்த கோடு. முன்னெழுத்து, பெயர், சில பாத்திரங்களில் விசேஷத்தின் பெயரும் தேதியும். எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் பத்து வீட்டு அண்டாவும் தாம்பாளமும் ஒரே பந்தலுக்குப் போகும். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்த பிறகு, பெயரைப் பார்த்துத்தான் அவரவர் வீட்டுக்குப் பிரித்து அனுப்புவோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஆதனும் விஸாகியும் பாண்டத்தில் பெயர் கீறியது இதே காரணத்துக்காகத்தான் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பலர் சேர்ந்து சமைக்கும் இடத்தில், பலர் சரக்கு சேர்ந்து கிடக்கும் இடத்தில், பெயர் இருந்தால் சண்டை இல்லை.

கடல் வேலையிலும் இதுதான். வலையின் மிதவையில் குடும்பத்துக்கு ஓர் அடையாளம் இருக்கும். சாயம் பூசியோ, கயிறு கட்டியோ, முன்னெழுத்து எழுதியோ வைப்பார்கள். இன்றைக்குப் படகின் பக்கத்தில் நாட்டையும் புதுச்சேரியையும் குறிக்கும் ஐஎன்டி-பிஒய் எழுத்துகளோடு பதிவெண் இருக்கிறது. ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி செங்கழுநீர் அம்மன் தேருக்குக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் படகுகளைப் பார்த்தால், எழுத்தில்லாத படகு ஒன்றைக்கூடக் காண முடியாது.

வீட்டுக்குள் மட்டும் ஏன் முன்பு சீட்டு இல்லை என்று யோசித்திருக்கிறேன். அப்போது வீட்டில் பொருள் குறைவு. ஒவ்வொன்றுக்கும் மாறாத இடம் இருந்தது. நெல் குதிரில், தயிர் உறியில், கடுகும் மிளகும் அஞ்சறைப்பெட்டியில், துணி டிரங்குப் பெட்டியில். அடுக்குப்பானையில் மேலிருந்து மூன்றாவதில் என்ன இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். வீட்டின் பட்டியல் ஒரு பெண்ணின் தலைக்குள் இருந்தது. அவள் ஊருக்குப் போனால் வீடு தடுமாறும். அவள் இறந்துபோனால் பட்டியலும் போகும். அதைப் பெருமை என்று பேசுகிறோம். ஒருத்தியின் தலையில் அத்தனையையும் சுமத்தியது எனக்கு இன்று பெருமையாகத் தெரியவில்லை. சீட்டு எழுதி ஒட்டினால் அந்தப் பாரத்தை மகனும் மருமகளும் பேரனும் பகிர்ந்துகொள்ளலாம்.

பின் கார்டு

மில் ஸ்டோரில் நான் கற்றது பின் கார்டு. ஒவ்வொரு ரேக் அறைக்கும் ஓர் அட்டை தொங்கும். பொருளின் பெயர், எண், வந்தது, போனது, இருப்பு, எவ்வளவு குறைந்தால் மறுபடி வாங்க வேண்டும் என்ற அளவு. அலுவலக மேசையில் தனியாகப் பேரேடு இருக்கும். அட்டை சொல்வதும் பேரேடு சொல்வதும் அறைக்குள் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நூற்பு மெஷினில் டிராவலர் என்று ஒரு சிறு உலோக வளையம் உண்டு. நகத்தளவுகூட இருக்காது. எடையைப் பொறுத்து எண் மாறும். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கனம் கூடியதை மாற்றி மாட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்தப் பெட்டிகளில் ஒன்றின் சீட்டு உரிந்துவிட்டால் உள்ளே இருப்பது சரக்கு இல்லை, குப்பை. எனக்கு முன் அந்த ஸ்டோரைப் பார்த்த பெரியவர் சொல்வார்: "சீட்டுதாம்மா பேசணும், நாம பேசக் கூடாது. நாம லீவுல இருந்தாலும் ஸ்டோர் ஓடணும்." தொல்லியல் பணியாளர்களும் இதே கட்டுப்பாட்டில்தான் வேலை செய்கிறார்கள். தோண்டியெடுத்த ஓட்டைக் கழுவிக் காயவைத்து, இடத்தின் சுருக்கெழுத்து, குழி எண், மண்ணடுக்கின் எண் எல்லாவற்றையும் அதன் உட்புறத்தில் மையால் எழுதுவார்கள். பையில் சீட்டு இருந்தாலும் ஓட்டிலும் எழுதுவார்கள். பை கிழியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கோடும் கட்டமும்

பின் கார்டின் இடத்துக்கு வந்தவை பார்கோடும் கியூஆர் கோடும். பார்கோடு பிறந்தது ஒரு கடற்கரையில் என்பதில் கடலோரத்துக்காரிக்கு ஒரு சந்தோஷம். நார்மன் உட்லேண்ட் என்பவர் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து, தந்திக் குறியின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் நீட்டிப் பார்த்தார். மெல்லிய கோடும் தடித்த கோடும் உருவாயின. அவரும் பெர்னார்ட் சில்வரும் சேர்ந்து கேட்ட காப்புரிமை 1952இல் கிடைத்தது. கடையில் அது வேலைக்கு வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முதலில் ஸ்கேன் செய்யப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட். இந்தியாவில் பதிவுசெய்த நிறுவனங்களின் பார்கோடு எண் 890 என்று தொடங்கும். அரெஸ்ஸோ குயவரின் முத்திரை இருந்த இடத்தில் இன்று இந்த எண் இருக்கிறது.

கியூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானது. மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் செய்தது. மோட்டார் உதிரிபாகப் பெட்டிகளை வேகமாகக் கணக்கெடுக்கவே அது பிறந்தது. அதாவது அதன் பிறப்பிடமே ஸ்டோர்தான். மூன்று மூலையிலும் இருக்கும் சதுரங்களை வைத்து, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கருவி படித்துக்கொள்ளும். சாடியின் இரண்டு பக்கமும் பானை ஒறி என்று எழுதியவர் தீர்த்த அதே சிக்கலுக்கு இது இன்னொரு தீர்வு. சேதியிலிருந்து கணக்கிட்ட கூடுதல் குறிகளையும் சேர்த்திருப்பதால், உயர்ந்த பாதுகாப்பு நிலையில் அச்சடித்த கோட்டில் 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீதியிலிருந்து முழுச் சேதியும் வந்துவிடும். 2016இல் யுபிஐ வந்த பிறகு இந்தக் கட்டங்களைத் தெரியாதவர் நாட்டில் இல்லை. எங்கள் ஊரில் மீன் விற்கும் பெண்களிடமும் அந்த அட்டை இருக்கிறது.

ஆனால் பார்கோடுக்கும் கியூஆர் கோடுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பார்கோடின் கோடுகளுக்குக் கீழே எண்ணையும் அச்சடித்திருப்பார்கள். கருவி படிக்காவிட்டால் கடைக்காரர் கண்ணால் படித்துத் தட்டலாம். கியூஆர் கோட்டில் அது கிடையாது. மனிதக் கண்ணுக்கு அது வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம். அதிலும் பல செயலிகள் தரும் கோட்டில் பெட்டிக்குள் இருக்கும் பட்டியல் இல்லை. பட்டியல் இருக்கும் இணைய முகவரிதான் இருக்கிறது. அந்த நிறுவனம் கடையை மூடினால், சந்தா தீர்ந்தால், ஃபோன் தண்ணீரில் விழுந்தால், சீட்டு ஊமையாகிவிடும்.

இதனால்தான் பேத்தியிடம் கேட்டேன். "ஃபோன் இல்லாதப்ப இந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?" அவள் "பக்கத்துல எழுதிட்டா போச்சு ஆயா" என்று சொல்லி மார்க்கரை எடுத்தாள். முதலில் காகிதப் பெட்டியில் தொடங்கு என்றேன். "பத்திரம், பட்டா, பாஸ்புக்" என்று தடித்த எழுத்தில் தமிழில் எழுதினாள்.

அந்தப் பெட்டியில் ஏன் தொடங்கச் சொன்னேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இப்படிப்பட்ட கரையில் வாழும் குடும்பத்துக்குப் பெட்டிமேல் எழுதிய பெயர் அழகுக்கான காரியம் அல்ல. இருட்டில், மின்சாரம் இல்லாதபோது, வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் சரியான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சுனாமிக்குப் பிறகு ரேஷன் கார்டும் படகுப் பத்திரமும் எந்தப் பெட்டியில் இருந்தது, அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று தேடிய பெண்களை நான் அறிவேன். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் முதலில் கேட்டது அந்தக் காகிதங்களைத்தான்.

ஆகவே வீட்டில் பெட்டிகளை ஒழுங்குபடுத்துபவர்களுக்கு ஒரு பழைய ஸ்டோர்க்காரியின் வார்த்தைகள். கியூஆர் கோடு தாராளமாக ஒட்டுங்கள். முடிந்தால் முகவரியை விட்டுவிட்டுப் பட்டியலையே கோட்டுக்குள் வையுங்கள். மிகப் பெரிய கோட்டில் 2,953 பைட் வரை கொள்ளும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போனாலும் சின்னப் பெட்டியின் பட்டியலுக்கு அதில் சிறு பங்கே போதும். பட்டியல் நீண்டால் கட்டங்கள் பொடியாகிப் படிக்கச் சிரமமாகும். அதனால் சுருக்கமாக எழுதுங்கள். சூட்டில் அச்சாகும் பில் தாளைச் சீட்டாக்காதீர்கள். பரண் வெக்கையில் கறுத்தோ மங்கியோ போகும். சாதாரணத் தாளில் அச்சடித்து, உப்புக் காற்று படாமல் மேலே அகலமான டேப் ஒட்டுங்கள். சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள். மூடிகள் இடம் மாறும்; பெட்டியின் உடம்பில், இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். பொருளை எடுத்தவரே பட்டியலைத் திருத்தட்டும். பொங்கலுக்கு வீட்டை ஒதுக்கும்போது எல்லாப் பெட்டியையும் திறந்து ஒரு முறை சரிபாருங்கள். பொய் சொல்லும் சீட்டைவிடச் சீட்டே இல்லாத பெட்டி மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டுக்குப் பக்கத்தில் கண்ணால் படிக்கும் எழுத்தில் பெட்டியின் பெயரை எழுதுங்கள். அரிக்கமேட்டு வணிகர்கள் ஓலையிலும் கணக்கு வைத்திருப்பார்கள். அந்த ஓலைகளில் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. பானையிலேயே கீறிய பெயர்தான் வந்து சேர்ந்தது, அதைப் படிக்கவும் முடிந்தது. சேர்த்து வைத்தவர் இல்லாதபோதும், கணக்குப் புத்தகம் தொலைந்தபோதும், கருவி செத்துப்போனபோதும் பேசுவதுதான் சீட்டு. அந்த ஒன்றை எழுத ஒரு மார்க்கரும் அரை நிமிடமும் போதும்.